பாட்டக்கெட் ஏன் தன் பேஸ்பால் அணியை இழந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களில்கூட மைனர் லீக் பேஸ்பால் அணிகள் இருக்கின்றன. அவை எப்படிப் பிழைக்கின்றன? பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் 50 வருடம் ஒரே ஊரில் இருந்துவிட்டு ஏன் கிளம்பிப் போனது? தோற்றுக்கொண்டே இருந்ததாலா?"

தோற்றதால் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012-இலும் 2014-இலும் அந்த அணி தன் லீகின் கவர்னர்ஸ் கோப்பையை வென்றது. கோப்பையின் பளபளப்பு மங்குவதற்குள், 2015-இல், ஊரை விட்டுப் போகும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. மைனர் லீகில் ஓர் அணியின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டே விஷயங்கள்தான்: அணி யார் கையில் இருக்கிறது, மைதானத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள். பாட்டக்கெட்டின் கதை முழுக்க இந்த இரண்டைச் சுற்றித்தான்.

பாட்டக்கெட் இருக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்துக்கு நான் வேலைக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னை அந்த அணியின் மைதானமான மெக்காய் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். கிரிக்கெட்டில் வளர்ந்த எனக்குப் பேஸ்பால் விதிகள் பாதி புரியவில்லை. ஆனால் அன்று பார்த்த ஒரு காட்சிக்காகவே மறுபடி மறுபடி போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மைனர் லீக் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயரை வைத்து இரண்டாம் தரப் போட்டி என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு நாற்றங்கால். பாஸ்டன் ரெட் சாக்ஸ் போன்ற ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சில அணிகள் இருக்கும். அதில் மேல்படி டிரிபிள்-ஏ, அதற்குக் கீழே டபுள்-ஏ, இன்னும் கீழே சிங்கிள்-ஏ. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி இந்த ஏற்பாட்டை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். காசு கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்க முடியாத அணி, தானே விதைத்துத் தானே வளர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

இதில் ஊர்க்காரர்கள் சட்டென்று கவனிக்காத ஒன்று உண்டு. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் பெரிய அணியின் ஆட்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பாஸ்டன். யார் ஆட வேண்டும், யார் எத்தனை பந்து வீச வேண்டும் என்பதையும் பாஸ்டன்தான் சொல்லும். உள்ளூர் முதலாளிக்குச் சொந்தமானது அணியின் உரிமம், டிக்கெட், தின்பண்டக் கடை, விளம்பரப் பலகை, மைதானத்தை வைத்து நடத்தும் வியாபாரம். நன்றாக ஆடுகிறவன் மேலே போய்விடுவான். ஒரு நல்ல பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, ஆகஸ்ட் மாதம் கோப்பைக்கான பந்தயத்தின் நடுவிலேயே தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால் உள்ளூர் ரசிகன் ஆட்டக்காரனோடு நீண்டகால உறவு வைத்துக்கொள்ளவே முடியாது. அவன் உறவு வைத்துக்கொள்வது மைதானத்தோடும், பக்கத்து இருக்கைக்காரரோடும், டிக்கெட் கிழிக்கும் ஆளோடும்தான்.

இனி ஊர். பிராவிடன்ஸ் நகரை ஒட்டி, பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில், சுமார் 75,000 பேர் வசிக்கும் ஊர் பாட்டக்கெட். இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் ஸ்லேட்டர், நூற்பு எந்திரங்களின் அமைப்பை மனதிலேயே ஏற்றிக்கொண்டு வந்து, 1790-இல் இங்கே ஆற்றின் விசையால் பருத்தி நூற்றார். 1793-இல் கட்டிய அவருடைய ஆலை இன்றும் நிற்கிறது. அமெரிக்கப் பஞ்சாலைத் தொழில் வேர்விட்ட இடம் இது. இருபதாம் நூற்றாண்டில் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கு மாநிலங்களுக்குப் போயின, மிச்சம் மூடப்பட்டன. கூலிக்காரர்களின் ஊர், பிரெஞ்சுக் கனடியர், ஐரிஷ்காரர், போர்த்துகீசியர், பிற்பாடு கேப் வெர்டியர் எனக் குடியேறிகளின் ஊர். சம்பள நாளில் குடும்பத்தோடு போய் உட்கார ஓர் இடம் தேவைப்பட்ட ஊர்.

அந்த இடத்தைக் கட்டியவர் மேயர் தாமஸ் மெக்காய். பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பிறகு வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு கொட்டிய பணத்தைப் பிடித்துவந்து, ஹாமண்ட் குளம் என்ற சதுப்பு நிலத்தில் மைதானம் எழுப்பினார். தரை நிற்கவில்லை. கொட்டக் கொட்ட உள்வாங்கிக்கொண்டே போனது. செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஊரே சிரித்தது, "மெக்காயின் பைத்தியக்காரத்தனம்" என்று பெயரும் வைத்தது. சதுப்பில் லாரியே புதைந்துபோனது என்று கதை சொல்லும் கிழவர்கள் நான் போன காலத்திலும் இருந்தார்கள். 1942-இல் மைதானம் திறந்தது. 1945-இல் மெக்காய் இறந்தார், அடுத்த வருடம் அவர் பெயரையே மைதானத்துக்கு வைத்தார்கள்.

முதல் அணி பாட்டக்கெட் ஸ்லேட்டர்ஸ். பஞ்சாலைக்காரர் பெயர்தான். 1946 முதல் 1949 வரை நியூ இங்கிலாந்து லீகில், பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் கிளையாக ஆடியது. 1949 மைனர் லீகுக்குப் பொற்காலம்: நாடு முழுக்க 59 லீகுகள், ஏறக்குறைய 4 கோடி பார்வையாளர்கள். அதே வருடத்தோடு நியூ இங்கிலாந்து லீக் மூடிக்கொண்டது. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்துவிட்டது. பாஸ்டனின் பெரிய ஆட்டத்தை நாற்காலியில் சாய்ந்தபடி பார்க்க முடிகிறபோது, உள்ளூர் ஆட்டத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? அடுத்த பதினைந்து வருடங்களில் மைனர் லீக் கூட்டம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. மெக்காய் ஸ்டேடியமும் வெறிச்சோடியது. 1966-67-இல் கிளீவ்லாண்டின் கிளை அணி ஒன்று வந்து இரண்டு வருடம் ஆடிவிட்டுப் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பாஸ்டன் ரெட் சாக்ஸின் கிளை 1970-இல் வந்தது. முதலில் டபுள்-ஏ அணி. 1973-இல் லூயிவில்லிலிருந்து டிரிபிள்-ஏ அணியே பாட்டக்கெட்டுக்கு மாறியது. இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பாஸ்டனின் ஃபென்வே பார்க் இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர். மேலே ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால், கீழே இருப்பவனுக்கு மதியம் போன் செய்தால் மாலை ஆட்டத்துக்குக் காரிலேயே வந்துவிடுவான்.

வந்த வருடமே கோப்பை வென்றது. 1974-இல் ஜிம் ரைஸ் இங்கே லீகையே ஆட்டிப்படைத்துவிட்டு மேலே போனார். ஆனாலும் கூட்டம் வரவில்லை. முதலாளிகள் மாறினார்கள். கடன் ஏறியது. 1976-இல் "ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்" என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள், பெயரை மாற்றினால் கடன்காரன் போய்விடுவானா? அந்த சீசன் முடிவில் அணி திவாலானது.

இங்கேதான் பென் மாண்டோர் வருகிறார். என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன் அவர்தான். எந்த ஆட்டக்காரனும் அல்ல.

மாண்டோர் கனடாவின் கியூபெக்கில் 1925-இல் பிறந்தவர். பக்கத்து மில் ஊரான வூன்சாக்கெட்டில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தார். திரும்பி வந்து, நொடித்துப்போன பஞ்சாலைகளை வாங்கிச் சீர்செய்து சம்பாதித்தார். 1977-இல் ஓய்வு பெற்றவர், கையில் பணம் இருந்தது, பேஸ்பால் வியாபாரம் பற்றி ஒன்றும் தெரியாது. 1951-இல் நேஷனல் லீகின் சிறந்த பந்துவீச்சுச் சராசரியை வைத்திருந்த செட் நிக்கல்ஸ், அப்போது இந்தப் பகுதியில் வாழ்ந்துவந்தார். அவர்தான் மாண்டோரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். நொடித்த ஆலையை நிமிர்த்தத் தெரிந்தவனுக்கு நொடித்த அணியை நிமிர்த்துவது முடியாததல்ல என்ற எண்ணம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் லீகில் முதலிடம். ஆனால் அந்த சீசன் முழுக்க வந்தவர்கள் சுமார் 70,000 பேர். ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்தான். முதலிடத்தில் இருந்தும்! வெற்றிக்கும் கூட்டத்துக்கும் நேரடி முடிச்சு இல்லை என்பதை மாண்டோர் அந்த வருடமே கற்றுக்கொண்டார். இளைஞரான மைக் டம்பூரோவை மேலாளராக அமர்த்தினார். இரண்டு வருடம் கழித்து லூ ஷ்வெக்ஹைமர் சேர்ந்தார். இந்த மூவரும் முப்பது வருடத்துக்கு மேல் பிரியவில்லை.

அவர்கள் செய்தது மந்திரம் ஒன்றுமில்லை. கழிப்பறையைச் சுத்தமாக வைத்தார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவனை வெளியே அனுப்பினார்கள். டிக்கெட் விலையைக் குறைவாகவே வைத்தார்கள். நாலு பேர் உள்ள ஆலைத் தொழிலாளி குடும்பம் யோசிக்காமல் வரலாம். மைதானத்தின் சரிவுப்பாதைச் சுவர்களில் இங்கே ஆடி மேலே போனவர்களின் படங்களைப் பெரிதாக வரைந்து வைத்தார்கள். மாண்டோர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பார். இப்படியே வருடா வருடம் கூட்டம் ஏறி, 1999-இல் மைதானத்தைப் பத்தாயிரம் பேர் அமரும்படி விரித்துக் கட்டினார்கள். 2005 சீசனில் வந்தவர்கள் 6,88,421 பேர். எழுபதாயிரத்தில் தொடங்கியவர்கள்! ரோட் ஐலண்ட் மாநில மக்கள்தொகையே பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் தெரியும்.

நான் பார்த்த காட்சியைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். பொதுவாகப் பேஸ்பால் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், ரசிகர்கள் அதன் பக்கவாட்டில் நெருங்கிக் கையெழுத்து வாங்கலாம். மெக்காயில் டக்அவுட் தரைமட்டத்திலேயே பார்வையாளர் மாடத்துக்கு அடியில் குடைந்திருந்தது. முதல் வரிசை இருக்கை அதற்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. கீழே இருப்பவரை எட்ட முடியாது. அதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலியான பால் கேனின் வயிற்றில் ஒரு ஓட்டை வெட்டி, உள்ளே ஒரு பந்தையும் பேனாவையும் போட்டு, கைப்பிடியில் கயிறு கட்டிச் சுவரோரமாக மெல்ல இறக்குவார்கள். கேன் டக்அவுட் முன்னால் ஊஞ்சலாடும். கீழிருந்து ஒரு கை வரும். முகம் தெரியாது. பந்து உள்ளே போகும், சற்று நேரத்தில் கையெழுத்தோடு திரும்பி வரும். கயிறு இரண்டு முறை இழுபட்டால் மேலே தூக்கலாம் என்று பொருள். இதற்கு மீன்பிடிப்பது என்றே பேர். என் பக்கத்தில் இருந்த ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை கேனில் குழந்தைக் கையெழுத்தில் "தயவுசெய்து" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். மைதானம் கட்டியவன் செய்த ஒரு கோணல், பிள்ளைகளின் கையில் அந்த ஊருக்கே உரிய வழக்கமாகிவிட்டது. அந்தக் கேனுக்குள் கையெழுத்துப் போட்டவர்களில் பிற்பாடு மேஜர் லீகின் உச்சக் கோப்பையான உலகத் தொடரை வென்ற டஸ்டின் பெட்ரோயாவும் ஜான் லெஸ்டரும் மூக்கி பெட்ஸும் இருந்திருப்பார்கள், எல்லாரும் மெக்காயில் ஆடியவர்கள்.

பாட்டக்கெட் என்றால் பேஸ்பால் உலகம் முதலில் நினைப்பது 1981 ஏப்ரல் 18-ஆம் தேதி இரவை. அதைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறையாது.

விதி தெரியாதவர்களுக்கு: இரு அணிகளும் தலா ஒரு முறை மட்டை பிடித்து, மூன்று மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ் முடிந்தது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். சமமாக நின்றால் ஒருவர் முந்தும்வரை இன்னிங்ஸ் கூடிக்கொண்டே போகும். டிரா என்ற பேச்சு கிடையாது.

அன்று சனிக்கிழமை, மறுநாள் ஈஸ்டர். எதிரணி ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குக் கோளாறால் ஆட்டம் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. வந்தவர்கள் 1,740 பேர். ராச்செஸ்டர் ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் எடுத்தது, பாட்டக்கெட் ஒன்பதாவதின் கடைசியில் சமன் செய்தது. அதோடு நின்றுவிட்டது ரன். பத்து, பதினைந்து, இருபது. எதிர்க்காற்று, வெளிச்சுவரைத் தாண்ட வேண்டிய பந்துகளைக் காற்று உள்ளே தள்ளியது. 21-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் ஓர் அடி அடித்து மறுபடி சமன் செய்துவிட்டார். அவரைக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று சொந்த அணிக்காரர்களுக்கே தெரியவில்லை.

அடுத்த இன்னிங்ஸில் பாட்டக்கெட் பயிற்சியாளர் ஜோ மார்கன் அம்பயரோடு வாதாடி வெளியேற்றப்பட்டார். ஒரு துளை வழியாக ஒளிந்து நின்று மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார். குளிர் உறைநிலைக்கு இறங்கியது. ஆட்டக்காரர்கள் டக்அவுட்டில் பீப்பாயில் உடைந்த மட்டைகளையும் மரத்துண்டுகளையும் போட்டு எரித்துக் கை காய்ச்சினார்கள். தின்பண்டக் கடையில் எல்லாம் தீர்ந்தது. ராச்செஸ்டரின் ஜிம் அம்பார்கர் நடுராத்திரிக்கு மேல் பந்துவீச வந்து, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பத்து இன்னிங்ஸ் வீசினார். முழு ஆட்டம் ஒன்றைவிட அதிகம்!

நள்ளிரவு 12.50-க்கு மேல் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீகில் ஒரு விதி உண்டு. அந்த வருடம் அம்பயர்களுக்குக் கொடுத்த பிரதியில் அந்த வரி விடுபட்டுப்போயிருந்தது. கையில் இருக்கும் காகிதத்தில் இல்லாத விதியை எப்படி அமல்படுத்துவது? ஆடு என்றார்கள். லீக் தலைவர் ஹரால்ட் கூப்பரைப் பல மணி நேரம் போனில் தேடி, விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் பிடிக்க முடிந்தது. நடக்கிற இன்னிங்ஸ் முடிந்ததும் நிறுத்துங்கள் என்றார் அவர். 32-ஆவது இன்னிங்ஸ் முடிந்தபோது மணி 4.07. இரண்டுக்கு இரண்டு. மாடத்தில் இருந்தவர்கள் 19 பேர். அவர்களுக்குச் சீசன் பாஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

பாட்டக்கெட் பிட்சர் லூயிஸ் அபோன்டே தன் பங்கு முடிந்ததும் முன்பே வீட்டுக்குப் போனவர். நடுராத்திரி தாண்டி வந்த கணவனிடம் மனைவி எங்கே போனாய் என்று கேட்டார். மைதானத்தில் என்றார். நம்பவில்லை. பேப்பரைப் பார் என்றார். ஞாயிறு பேப்பர் அச்சுக்குப் போனபோது ஆட்டம் முடியவே இல்லை, அதனால் அதில் முடிவு வரவில்லை. திங்கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று அந்த மனிதருக்கு.

ஜூன் 23-ஆம் தேதி மிச்சத்தை ஆடினார்கள். அப்போது பெரிய அணிகள் ஆடும் மேஜர் லீகில் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம். எழுத வேறு பேஸ்பாலே இல்லாத நிருபர்கள் நாடெங்கிலுமிருந்து பாட்டக்கெட்டில் வந்து குவிந்தார்கள். 5,746 பேர் கூடினார்கள். 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. 33-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டரின் ஸ்டீவ் கிரில்லி, முதல் பேட்டர் மார்ட்டி பாரெட்டின் மேல் பந்தை அடித்துவிட்டார். அடுத்தவர் ஓர் அடி அடித்தார், அதற்கடுத்தவரை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். பிட்சரை மாற்றினார்கள். டேவ் கோசா இடதுபக்கம் ஒரு பந்தைத் தட்டிவிட, பாரெட் ஓடி வந்து ரன் எடுத்தார். 3-2. தோல்வி கிரில்லியின் பெயரில் பதிவானது; ஏப்ரலில் அவர் ராச்செஸ்டர் அணியிலேயே இல்லை.

மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறைப் பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் கிடையாது. அந்த ஆட்டத்தில் ராச்செஸ்டருக்காக 33 இன்னிங்ஸும் ஆடி, 13 முறை மட்டை பிடித்து இரண்டே அடி அடித்தவர் கால் ரிப்கன். பாட்டக்கெட்டின் பாக்ஸும் அவரும் பிற்காலத்தில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். வெற்றி அடி அடித்த கோசா மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை. நாற்றங்காலில் நட்டதெல்லாம் வயலுக்குப் போவதில்லை. மைனர் லீக் என்பதன் முழு உண்மையும் எனக்கு அந்த இரண்டு பெயர்களில் இருக்கிறது, ரிப்கன், கோசா.

மாண்டோர் 2010 அக்டோபரில் காலமானார். அவர் மனைவி நாலு வருடத்துக்கு மேல் அணியை வைத்திருந்தார். 2015 பிப்ரவரியில் ஒரு முதலீட்டுக் குழுவுக்கு விற்றார். தலைமை வகித்தவர்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸின் தலைவராக இருந்த லாரி லூக்கினோவும், பிராவிடன்ஸ் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டனும். வாங்கிய கையோடு அவர்கள் அறிவித்தது: மெக்காய் பழசாகிவிட்டது, பிராவிடன்ஸ் ஆற்றங்கரையில் புதிய மைதானம் வேண்டும். அதற்கு முப்பது வருடத்தில் சுமார் 12 கோடி டாலர் பொதுப்பணம் கேட்டார்கள்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு பின்னணி இருக்கிறது. பாஸ்டனுக்காக ஆடிப் பெரும்புகழ் பெற்ற பிட்சர் கர்ட் ஷில்லிங், ஓய்வுக்குப் பிறகு வீடியோ கேம் நிறுவனம் தொடங்கினார். 2010-இல் ரோட் ஐலண்ட் அரசு அதற்கு 7.5 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. 2012-இல் நிறுவனம் திவால். கடன் வரி கட்டுகிறவன் தலையில் விழுந்தது. அந்தச் சூடு ஆறாத மூன்றாவது வருடத்தில், மறுபடி ரெட் சாக்ஸ் சம்பந்தப்பட்ட பணக்காரர்கள் வந்து பொதுப்பணம் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள்? வேண்டாம் என்றார்கள், உரக்கச் சொன்னார்கள். அந்த மே மாதத்திலேயே ஸ்கெஃபிங்டன் மாரடைப்பில் இறந்தார். ஆற்றங்கரைத் திட்டமும் அந்த வருடமே செத்தது.

பிறகு பாட்டக்கெட்டிலேயே, ஸ்லேட்டர் ஆலைக்குப் பக்கத்தில் புதிய மைதானம் கட்டும் திட்டம் வந்தது. 8.3 கோடி டாலர்: அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. முதல் திட்டத்தைவிட எவ்வளவோ நியாயமான பங்கீடு. மாநில செனட் 2018 தொடக்கத்தில் ஏற்றது. கீழவைத் தலைவர் நிக்கலஸ் மட்டியெல்லோ ஏற்கவில்லை. மாநில உத்தரவாதத்தை எடுத்துவிட்டு வேறொரு வடிவில் ஜூனில் சட்டம் நிறைவேறியது. வட்டிச்செலவு கூடும் அந்த வடிவம் அணிக்குப் பிடிக்கவில்லை. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த மாதங்களில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரம் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்ட் 17-இல் அறிவிப்பு வந்தது: 2021 முதல் அணி வூஸ்டரில் ஆடும்.

யார் மேல் தவறு என்று கேட்பீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன். விளையாட்டு மைதானத்துக்குப் பொதுப்பணம் கொடுப்பது ஊருக்கு லாபமில்லை என்று பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் நீண்டகாலமாகச் சொல்கிறார்கள், நானும் அதை ஏற்கிறேன். 2015-இல் ஆற்றங்கரைத் திட்டத்தை மக்கள் விரட்டியது சரி. ஆனால் 2018-இன் பாட்டக்கெட் திட்டத்தை, முதல் திட்டத்தின் மேலிருந்த கோபத்தோடும் வீடியோ கேம் கடனின் வடுவோடும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள். புதிய முதலாளிகளின் முதல் அசைவே ஊரை விட்டுப் போவதாக இருந்ததால், ஊரோடு இருக்கிறோம் என்று அவர்கள் பிற்பாடு சொன்னதை யாரும் முழுசாக நம்பவில்லை. முப்பது வருடம் வாசலில் நின்று மாண்டோர் சேர்த்த நம்பிக்கை அணியோடு சேர்ந்து கைமாறக்கூடிய பொருளல்ல. வூஸ்டர் ஜெயித்ததா என்பதும் கேள்விதான். அங்கே கட்டிய போலார் பார்க்கின் செலவு ஏறி ஏறி 15 கோடி டாலரைத் தாண்டியது.

கடைசி ஆட்டம் எது என்று ஆடியவர்களுக்கே தெரியாமல் போனது இன்னொரு துயரம். 2019 செப்டம்பர் தொழிலாளர் தினத்தன்று சீசன் முடிந்தபோது, அடுத்த வருடம் பெரிய வழியனுப்பு விழா என்று எல்லாரும் கலைந்தார்கள். 2020-இல் கொரோனா வந்து மைனர் லீக் சீசன் முழுதையும் ரத்து செய்தது. அந்தக் கோடையில் மைதானத்துப் புல்லின் மேல் மேசை போட்டு, குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு இரவு உணவு பரிமாறினார்கள். மேசைகள் நிரம்பி வழிந்தன. ஆட்டமே இல்லாத மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் பாட்டக்கெட் மக்கள்.

அதே வருட முடிவில் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீகையும் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்து, 160 கிளை அணிகளை 120 ஆகக் குறைத்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் ஒரே அடியில் கிளை அணியை இழந்தன. அந்த ஊர்களோடு ஒப்பிட்டால் பாட்டக்கெட்டுக்குக் குறைந்தபட்சம் பேசவாவது வாய்ப்பிருந்தது.

இன்று போனால் என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: மெக்காய் இல்லை. இருக்கைகளும் பலகைகளும் ஏலம் போயின, 2025-இல் மைதானத்தை இடித்தார்கள். நகரத்தின் இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கி அந்த இடத்தில் பெரிய பள்ளி எழுப்புகிறார்கள். சதுப்பில் லாரி புதைந்த கதை உண்மையா என்று அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ஊரின் சீகாங்க் ஆற்றங்கரையில் புதிய கால்பந்து மைதானம் 2025-இல் திறந்திருக்கிறது, ரோட் ஐலண்ட் எஃப்சி அங்கே ஆடுகிறது. 33 இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

என் மகள் வெட்டிய பால் கேன் இன்னும் வீட்டில் இருக்கிறது, கயிறோடு. உள்ளே இருக்கும் பந்தில் நாலு கையெழுத்துகள். மூன்று பேர் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.